ஒன்பது குரல், ஒரு தட்டு: வூ-டாங் க்ளானின் முதல் ஆல்பம் பற்றி வாசகர் கேள்விகள்

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்து வந்த ஹிப்-ஹாப் குழு வூ-டாங் க்ளான். அவர்களுடைய முதல் ஆல்பம் ‘என்டர் தி வூ-டாங் (36 சேம்பர்ஸ்)’, லவுட் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக 1993 நவம்பர் 9 அன்று வந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இந்த இதழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

ஜே., மதுரை: தலைப்பில் உள்ள 36 என்ன கணக்கு? ஆல்பத்தில் அத்தனை பாட்டு இல்லையே?

பாட்டுக் கணக்கு இல்லை, படக் கணக்கு. 1978இல் ஷா பிரதர்ஸ் எடுத்த ஹாங்காங் சண்டைப் படம் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்’. கதாநாயகன் மடத்தில் 35 அறைகளில் பயிற்சி முடிக்கிறான். மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களுக்கும் வித்தையைச் சொல்லித்தர 36ஆவதாக ஓர் அறை வேண்டும் என்கிறான். ‘என்டர்’ என்ற சொல் ப்ரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ (1973) படத்திலிருந்து வந்தது.

இதற்கு மேல் குழுவின் தலைவர் ரிஸா ஒரு கணக்கும் போட்டுவைத்தார். குழுவில் ஒன்பது பேர், ஒவ்வொருவர் இதயத்திலும் நான்கு அறை, ஆக 36. இதயத்தில் இருப்பதையும் நாம் அறை என்றே சொல்வதால், சிலேடை சேதாரம் இல்லாமல் தமிழுக்கு வந்துவிடுகிறது.

எம்., காஞ்சிபுரம்: ஷாலின் என்றால் போதிதர்மர், போதிதர்மர் என்றால் எங்கள் ஊர். அப்படியானால் இந்த ஆல்பத்தில் பல்லவர் பங்கு உண்டா?

ஆசை நல்ல ஆசைதான். போதிதர்மரைத் தென்னிந்திய அரச குலத்தவர் என்பது மரபு. ஷாலின் சண்டைக் கலையை அவரோடு முடிச்சுப் போட்டது பிற்காலக் கதை. இந்தக் குழு அந்தப் பக்கமே போகவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஷாலின், நியூயார்க் 42ஆம் தெருவின் மலிவுத் திரையரங்குகளில் ஓடிய, ஆங்கிலக் குரல் ஒட்டிய ஹாங்காங் படங்களின் ஷாலின். ஹெனானில் ஷாலின் மடம், ஹூபேயில் வூடாங் மலை. படங்களில் இரண்டும் போட்டிப் பள்ளிகள். கோர்டன் லியு இயக்கி நடித்த ‘ஷாலின் அண்ட் வூ டாங்’ படத்தின் வசனத்தோடுதான் ஆல்பமே தொடங்குகிறது. சொந்தத் தீவுக்கு ‘ஷாலின்’ என்று செல்லப்பெயர். வாள்வீச்சில் வல்ல வூ-டாங் பள்ளியின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள், நாக்குதான் வாள் என்று.

ஆட்களின் பெயர்களிலும் படவாடைதான். மெத்தட் மேன், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, மாஸ்டா கில்லா, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் நால்வருக்கும் பெயர் கொடுத்தவை சண்டைப் படங்கள்.

ஆர்., திருச்சி: நல்ல ஹெட்போன் வாங்கி முதலில் கேட்டது இதைத்தான். பழைய டேப்பில் பதிந்த மாதிரி மங்கலாக, இரைச்சலாக இருக்கிறது. என் ஃபைல் கெட்டதா?

ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அழுக்குதான் ஆல்பத்தின் சொத்து. காரணங்களில் முதலாவது இடம். ஃபயர்ஹவுஸ் என்ற சின்ன, வாடகை குறைந்த ஸ்டுடியோவில் பதிந்தது. இரண்டாவது மூலப்பொருள். 1960, 70களின் சோல் (கறுப்பின அமெரிக்கர் வளர்த்த பாட்டு வகை) இசைத்தட்டுகளும் சண்டைப் படங்களின் வீடியோ டேப்பும். அவற்றின் கீறலையும் இரைச்சலையும் யாரும் துடைக்கவில்லை.

மூன்றாவது கருவி. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ரிஸா கையாண்டவை என்சோனிக் இபிஎஸ் வகை சாம்ப்ளர்களும் இ-மு எஸ்பி-1200ம். பழைய தட்டிலிருந்து ஒலித் துண்டை எடுத்துப் பதிந்து திருப்பி வாசிக்கும் கருவிதான் சாம்ப்ளர். எஸ்பி-1200 ஒலியை 12 பிட்டில், நொடிக்கு 26,040 முறை அளந்து பதியும். சிடி 16 பிட், 44,100 முறை. அதாவது ஒலி அலையின் உயரத்தை சிடி 65,536 படிகளில் அளந்தால் இது 4,096 படிகளில்தான் அளக்கும். மேல்ஸ்தாயியில் சுமார் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தங்காது. போதாததற்கு மொத்த நினைவகமே 10 நொடி, ஒரு துண்டுக்கு 2.5 நொடி.

நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.67 நொடி வரும். துண்டுக்குக் கிடைப்பதோ 2.5 நொடி. ஒரு பார்கூட முழுதாய் உள்ளே போகாது! அந்தக் காலத்து பீட் (ராப்புக்கான பின்னணி இசை) தயாரிப்பாளர்கள் கண்ட குறுக்குவழி: நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டு. எல்லாம் 1.35 மடங்கு வேகமாகும், 2.67 நொடி 1.98 ஆகச் சுருங்கி உள்ளே உட்கார்ந்துவிடும். பிறகு கருவியிலேயே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். இறக்கும்போது கருவி இடைவெளிகளை நிரப்பாமல் இருக்கும் எண்களையே திருப்பித் திருப்பி வாசிக்கும். அதனால் ஒலியின் ஓரத்தில் மணி அடித்தாற்போல ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். மேல்ஸ்தாயி எல்லையும் 13,000இலிருந்து 9,600க்கு இறங்கிவிடும். உங்கள் காதுக்கு மங்கலாகப் பட்டது இதுதான். ஈக்வலைசரில் ட்ரெபிளைக் கூட்டாதீர்கள், இரைச்சல்தான் கூடும்.

கே., கோவை: அந்த மாதிரி பீட்டை வீட்டுக் கணினியில் செய்ய முடியுமா? பழைய கருவி விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

செய்யலாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். முதல் பரிசோதனைக்கு நீங்களே வாசித்த பியானோவோ கிட்டாரோ எடுத்துக்கொள்ளுங்கள், உரிமைத் தொல்லை இருக்காது. நான்கைந்து சுரம் போதும். இந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள் இரண்டொரு பார் துண்டின் மேல்தான் நிற்கின்றன.

துண்டை 1.35 மடங்கு வேகப்படுத்துங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும் எஃபெக்டாக இருக்க வேண்டும். சுருதியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் மாற்றும் எஃபெக்டைத் தொட்டால் காரியம் கெட்டது. அடுத்து சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதை) 26,040க்கு இறக்கி, பிட் எண்ணிக்கையைக் குறைக்கும் பிட்க்ரஷர் ப்ளக்-இன்னில் 12 பிட் வையுங்கள். பிறகு 0.741 மடங்கு வேகம் கொடுத்தால் பழைய வேகம் திரும்பும், அழுக்கோடு.

இப்போது நீளத்தை வெட்டுவது. 60ஐ வேகத்தால் வகுத்து, தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 90இல் இரண்டு பாருக்கு 8 தட்டு: 5.333 நொடி. உங்கள் துண்டு 96 வேகத்தில் வாசித்தது என்றால் அது 5 நொடிதான் இருக்கும். 0.9375 மடங்கு வேகம் கொடுத்தால் 90க்கு வரும். ஆனால் சுருதியும் அரை சுரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடும். பேஸை (அடிஸ்தாயி இசையை) அந்த இறங்கிய சுருதிக்குச் சேருங்கள். பழைய சுருதிக்கே பேஸ் வாசித்துவிட்டு, ‘ஏதோ உறுத்துகிறதே’ என்று ஒரு வாரம் தேடுபவர்கள் உண்டு.

டிரம்மில் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் தனித்தனி. ஸ்னேர் 2ஆம், 4ஆம் தட்டில். எல்லாவற்றையும் மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் கச்சிதமாக நிறுத்தாதீர்கள். ஸ்விங்கை (ஒன்றுவிட்ட அடிகளைச் சற்றுத் தாமதிக்கும் அமைப்பை) 54 முதல் 58 விழுக்காடு வரை ஏற்றிப் பாருங்கள், அல்லது ஸ்னேரை மட்டும் 10 மில்லி நொடி பின்னுக்குத் தள்ளுங்கள். துண்டில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் கிக்குக்கும் பேஸுக்கும் இடம் கிடைக்கும். அதே துண்டின் நகல் ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையெல்லாம் அடைத்து அதையே பேஸாக ஓட்டுவதும் அந்தக் காலத்துப் பழக்கம்.

அதே கே.: செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்கிறது. பாட்டின் நடுவில் டிரம் விலகியும் போகிறது.

இரண்டும் வேறு வேறு வியாதி. ‘டிக்’ வருவது, துண்டின் முடிவில் அலை ஓர் உயரத்திலும் தொடக்கத்தில் வேறு உயரத்திலும் இருப்பதால். வெட்டும்போது அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள், ஆடாசிட்டியில் இசட் விசை அதைத் தேடித் தரும். அதற்கும் அடங்காவிட்டால் ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும்படி இரு முனைகளிலும் 5 மில்லி நொடி ஃபேட் வையுங்கள்.

விலகுவது நீளப் பிழை. துண்டு 10 மில்லி நொடி குறைந்தால் முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது. 16 சுற்று போனால் 160 மில்லி நொடி. அது காதில் குத்தும். பூஜ்யக் கோட்டைத் தேடும்போதும் நீளம் கொஞ்சம் நகர்ந்துவிடும், ஆகவே வெட்டிய பிறகு 5.333 இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இல்லையென்றால் துண்டைச் சங்கிலியாக ஓட்டாமல், ஒவ்வொரு இரண்டாவது பாரின் தலையிலும் புதிதாகத் தட்டி எழுப்புங்கள். பழைய கருவிகளில் வேலை நடந்ததே அப்படித்தான்.

இன்னொன்று, கேட்காமலே சொல்லிவிடுகிறோம். பிட்க்ரஷரை முழுப் பாட்டின் மேலும் போடாதீர்கள். அழுக்கு துண்டுக்கும் டிரம்முக்கும் மட்டும். குரலும் சேர்ந்து கரகரத்தால் சொல் புரியாது. சொல் புரியாத ராப் யாருக்கு?

எஸ்., தூத்துக்குடி: ஒன்பது பேரில் யார் யார் என்று தெரியவில்லை. அடையாளம் சொல்லுங்கள்.

‘டா மிஸ்டரி ஆஃப் செஸ்பாக்சின்’ பாட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் அடிவயிற்றுக் கட்டைக்குரல்: யூ-காட். அடுத்து நேராக, எதுகை நெருக்கமாக அடுக்கிப் போவது இன்ஸ்பெக்டா டெக். மூன்றாவது தெருவழக்கை மென்று துப்பும் ரேக்வான். நடுவில் வரும் பல்லவி மெத்தட் மேன், புகைபிடித்த தொண்டை. பிறகு பாடுகிறாரா, திட்டுகிறாரா, குடித்திருக்கிறாரா என்று சந்தேகம் வந்தால் அது ஓல் டர்ட்டி பாஸ்டர்ட். அவரைப் போல இன்னொருவர் கிடையாது. அவருக்குப் பின் உச்சஸ்தாயியில் அழுகைக்கு அருகில் நிற்கும் குரல் கோஸ்ட்ஃபேஸ். கடைசியாக அவசரமே இல்லாமல் வருபவர் மாஸ்டா கில்லா. ஆல்பம் முழுவதிலும் அவருக்கு இந்த ஒரு இடம்தான். யூ-காடுக்கு இரண்டே இடம், பதிவுக் காலத்தில் பெரும்பகுதி அவர் சிறையில் இருந்தார்.

மிச்சம் இருவர். ஜிஸாவுக்கு ‘க்ளான் இன் டா ஃப்ரன்ட்’ பாட்டைக் கேளுங்கள், தனி ஆவர்த்தனம். குரலை உயர்த்த மாட்டார், ஒரு சொல்லைக்கூட வீணாக்க மாட்டார். ரிஸாவுக்கு ‘டியர்ஸ்’. தம்பி சுட்டுக் கொல்லப்பட்ட கதையை அவர் சொல்ல, நண்பனுக்கு வந்த எச்.ஐ.வி. பற்றி கோஸ்ட்ஃபேஸ் தொடர்கிறார். சத்தமே பெரிது என்று இந்த ஆல்பத்தைத் தள்ளிவைத்தவர்கள் இந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்.

முதல் சிங்கிள் (தனித் தட்டாக வந்த பாட்டு) ‘ப்ரொடெக்ட் யா நெக்’கில் எட்டுப் பேர், பல்லவியே கிடையாது. ஐந்து நிமிடத்துக்குள் எட்டு பேர் என்றால் ஆளுக்கு 40 நொடிகூட இல்லை. 90 வேகத்தில் வழக்கமான 16 பார் வெர்ஸுக்கே 43 நொடி ஆகும். இடம் இவ்வளவு நெருக்கடி என்றால் யாரும் சும்மா இரண்டு வரி இட்டு நிரப்ப முடியாது. ஒரு பீட்டுக்கு உள்ளுக்குள்ளேயே போட்டி போட்டு, ஜெயித்தவருக்கே இடம் என்பதுதான் ரிஸாவின் நடைமுறை.

டி., சேலம்: நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து குழு ஆரம்பித்திருக்கிறோம். ஒரு நிறுவனம் ஒப்பந்தம் நீட்டுகிறது. வூ-டாங் ஒப்பந்தம் அப்படி என்ன விசேஷம்?

விஷயமே அங்கேதான் இருக்கிறது. முதலில் பின்னணி. ரிஸாவும் ஜிஸாவும் 1991இலேயே தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு ஏமாந்தவர்கள். ரிஸா அப்போது ‘ப்ரின்ஸ் ரக்கீம்’ என்ற பெயரில் டாமி பாய் நிறுவனத்தில், ஜிஸா ‘தி ஜீனியஸ்’ என்ற பெயரில் கோல்ட் சில்லின் நிறுவனத்தில். இரண்டும் ஓடவில்லை. சூடு பட்டவர்கள் அடுத்த முறை யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஆளுக்கு 100 டாலர் போட்டு ‘ப்ரொடெக்ட் யா நெக்’கைப் பதிந்து, தாங்களே தட்டு அடித்து, வானொலி டிஜேக்களிடம் கொண்டுபோனார்கள். ஊர் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நிறுவனங்களோடு பேச்சு. கையில் ஓடுகிற சரக்கு இருந்ததால் பேரம் பேச முடிந்தது.

லவுட் ரெக்கார்ட்ஸின் ஸ்டீவ் ரிஃப்கைண்ட் ஒப்புக்கொண்ட நிபந்தனை இது: குழு என்ற பெயரில் வரும் ஆல்பம் மட்டும் லவுடுக்கு. ஒவ்வொருவரும் தனி ஆல்பத்துக்கு எந்த நிறுவனத்தோடும் கையெழுத்துப் போடலாம். வழக்கமான ஒப்பந்தத்தில் உறுப்பினர் தனியாகப் பாடினாலும் அதே நிறுவனத்துக்குத்தான் போகும். குழுவுக்கு முன்பணம் குறைவாகவே கிடைத்தது. அதை விட்டுக்கொடுத்து இந்த ஒரு வரியை வாங்கினார்கள்.

பலன் அடுத்த மூன்று ஆண்டில் தெரிந்தது. 1994இல் மெத்தட் மேன் டெஃப் ஜாமில். 1995இல் ஓல் டர்ட்டி எலெக்ட்ராவில், ஜிஸா கெஃபனில், ரேக்வான் மட்டும் லவுடிலேயே. 1996இல் கோஸ்ட்ஃபேஸ் எபிக்கில். போட்டி நிறுவனங்கள் தங்கள் சொந்த விளம்பரக் காசில் ஒரே முத்திரையை வளர்த்தன, ஒவ்வொரு தட்டிலும் ரிஸாவின் கை இருந்தது. 1997இல் குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்த முதல் வாரமே அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

உங்களுக்கு: ஒப்பந்தத்தில் ‘உறுப்பினர்’ என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். தனிப் பாட்டு, சினிமாப் பாட்டு, விருந்தினராகப் பாடுவது மூன்றையும் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுங்கள். ‘வருங்காலப் படைப்புகள் அனைத்தும்’ என்ற தொடர் இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். குழுப் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் பெயரைப் பயன்படுத்தலாமா, பாட்டெழுதியவர் பங்கு எத்தனை, பீட் போட்டவர் பங்கு எத்தனை, இவற்றை நிறுவனத்துக்கு முன்பே உங்கள் ஐவருக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். வூ-டாங் ஆட்களில் மூவர் பங்காளிகள், மற்றவர்கள் பெரும்பாலும் ஒரே தீவுக்காரர்கள். அவர்களுக்குள்ளும் பின்னாளில் பணத் தகராறு நீதிமன்றம் வரை போனது.

வி., யாழ்ப்பாணம்: பழைய பாட்டிலிருந்து எடுப்பது திருட்டு இல்லையா?

அனுமதி வாங்கினால் இல்லை. ‘க்ரீம்’ பாட்டின் பியானோ, த சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967இல் பாடிய பாட்டின் தொடக்கம். எழுதியவர்கள் ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டர். ‘டியர்ஸ்’ பாட்டில் கேட்கும் பெண்குரல் 1964இல் வெண்டி ரெனே பாடியது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, கேட்காமல் எடுப்பது ஆபத்தான சூதாட்டமாகிவிட்டது.

வாங்க வேண்டிய அனுமதி இரண்டு. ஒன்று பாட்டை எழுதி மெட்டமைத்தவர்களுடையது, மற்றது அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தமான நிறுவனத்துடையது. நீங்களே அதே மெட்டை மறுபடி வாசித்துப் பதிந்தால் இரண்டாவது தேவையில்லை, முதலாவது தேவை. ‘ஆறு நொடிக்குள் என்றால் அனுமதி வேண்டாம்’ என்பது வாய்வழிக் கதை, சட்டத்தில் இல்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. எழுதியவர் உரிமை அவர் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இலங்கையில் கணக்கு வேறு, அங்கே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பி., ஈரோடு: அட்டையில் ஏன் முகமூடி?

படப்பிடிப்புக்கு ஒன்பது பேரில் சிலர் வந்து சேரவில்லை. முகம் மூடினால் யார் இல்லை என்பது தெரியாது. டேனியல் ஹேஸ்டிங்ஸ் எடுத்த படம் அது. மஞ்சள் ‘டபிள்யூ’ சின்னத்தை வரைந்தவர் குழுவின் டிஜே மேத்தமேட்டிக்ஸ்.

என்., திருநெல்வேலி: வந்தவுடனே பெரிய வெற்றியா?

பில்போர்டு 200 பட்டியலில் 41ஆம் இடம்தான் உச்சம். அதே நாளில் ஏ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ‘மிட்நைட் மராடர்ஸ்’ வேறு வந்திருந்தது. ராப் ரசிகர் பையில் இரண்டு தட்டுக்குக் காசு இருந்திருக்க வேண்டும். ஆனால் விற்பனை நிற்கவில்லை. 1995இல் பத்து லட்சத்தைத் தொட்டது, 2018இல் முப்பது லட்சத்துக்கான சான்று. 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

ஹெச்., சென்னை: பத்து வயது மகன் கேட்கிறான். கொடுக்கலாமா?

வேண்டாம். தலைப்பிலேயே வசவு உள்ள பாட்டுகள் இருக்கின்றன. ‘மெத்தட் மேன்’ பாட்டின் தொடக்கத்தில் நண்பர்கள் ஒருவரையொருவர் எப்படிச் சித்திரவதை செய்வோம் என்று வேடிக்கையாகப் பட்டியல் போடுவதைக் கேட்டால் உங்களுக்கே சாப்பாடு இறங்காது. இன்னும் ஆறேழு வருடம் போகட்டும், அதற்குள் அவனே தேடி எடுத்திருப்பான்.

ஏ., புதுச்சேரி: உலகிலேயே ஒரே ஒரு பிரதி மட்டும் போட்டு ஏலம் விட்டது இந்த ஆல்பமா?

இல்லை. அது ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஷாலின்’, 2015இல் மார்ட்டின் ஷ்க்ரெலி என்ற மருந்து வியாபாரி வாங்கியது. பிறகு அவர் மோசடி வழக்கில் மாட்டியதால் அரசு அதைக் கைப்பற்றி, 2021இல் விற்றது. நீங்கள் தேடும் முதல் ஆல்பம் எங்கும் கிடைக்கும். இசைத்தட்டாக வாங்கினால் ஒரு பக்கத்துக்கு ‘ஷாலின் ஸ்வோர்ட்’ என்றும் மறு பக்கத்துக்கு ‘வூ-டாங் ஸ்வோர்ட்’ என்றும் பெயர் இருக்கும். ‘க்ரீம்’ இரண்டாவது பக்கத்தில்.